கனி டீச்சரும் ஓப்பன் டே அம்மாக்களும்

வாஷி ஸ்டேஷனில் வண்டி மாற நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில், ஆங்கிலத்தில், ஒரே வரி. கனி டீச்சர் காலமாகிவிட்டார், ஆத்மா சாந்தியடையட்டும் என்று. அதன் கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அதற்கு மேலே, சற்று முன்னால்தான், ஒன்பதாம் வகுப்பு மார்க்குகளை இன்றைக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள் என்று ஒருவர் நினைவூட்டியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பன்வேலிலிருந்து வரும் வண்டி வந்தது, கூட்டம் என்னை உள்ளே தள்ளியது. செம்பூரில் அதே கூட்டம் என்னை வெளியே தள்ளியது. நடந்து அவர் வீட்டுக்குப் போகும்வரை நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கும், உங்களைக் கையைப் பிடித்து அங்கே அழைத்து வந்த உங்கள் அம்மாக்களுக்கும் இதை எழுதுகிறேன். செல்லக்கனி என்ற முழுப்பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் அவர் கனி டீச்சர். ஆங்கிலம் எடுத்தவர். தாராவியில் பிறந்தவர், திருநெல்வேலிப் பேச்சை ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதவர். நான் கணக்கு வாத்தியார். ஆபீஸ் வேலைக்காரத் தமிழர்கள் வாழும் மாட்டுங்காவில் பிறந்தவன், முன்கோபி. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தோம். அதில் பாதி நாள் பேச்சுவார்த்தை கிடையாது.

முதல் நாளே சண்டைதான். நான் எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"இது நான் உக்கார்ற இடமாக்கும்" என்றேன்.

அவர் எழுந்து, குனிந்து, நாற்காலியின் அடியில் பார்த்தார். "பேரு ஒண்ணும் எழுதலியே சார்" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாட்டுங்காவா?" என்று கேட்டார்.

"எப்படித் தெரியும்?"

"உக்கார்ற இடத்துக்கு அங்கதான் சண்டை. எங்க தாராவியில உக்கார எடம் இருந்தாத்தான சண்டை போட?"

அன்றிலிருந்து கோபம் வந்தால் நான் 'மாட்டுங்கா சார்', கோபம் இல்லாவிட்டால் வெறும் 'சார்'. என் டிபன் பாக்ஸைத் திறந்து சாம்பாரை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "இது என்ன சார் பாயசமா?" என்பார். ஆனால் பாத்திரத்தைக் காலி செய்யாமல் திருப்பித் தந்ததில்லை.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால் ஓப்பன் டேயைத்தான் சொல்ல வேண்டும். திருத்திய விடைத்தாள்களை மேஜைமேல் பரப்பிக்கொண்டு நாங்கள் உட்காருவோம், பெற்றோர் வந்து பார்ப்பார்கள். எங்கள் ஆசிரியைகளில் பலருக்கு ஆங்கிலம் வரும், மராட்டி வரும். வருகிற அம்மாவுக்குத் தமிழ் வரும், மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குகிற அளவுக்கு இந்தி வரும். ஆகவே பிள்ளை நடுவில் நிற்கும். டீச்சர் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற புகாரைப் பிள்ளையே அம்மாவுக்குத் தமிழில் சொல்லும். திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். "கவனமே இல்லை, மூன்று பாடத்தில் ஃபெயில்" என்று டீச்சர் சொன்னால், பிள்ளை கொஞ்சம்கூட அசராமல், "கையெழுத்தை மட்டும் சரி பண்ணணுமாம்" என்று சொல்லும். அம்மா மலர்ந்து போய், "தேங்க்யூ மேடம்" என்பாள். எங்கள் பள்ளியில் வருஷக்கணக்காக இது நடந்தது. டீச்சர்களும் பேச்சு நடந்ததாக நினைத்தார்கள், அம்மாக்களும் நடந்ததாக நினைத்தார்கள். ஒன்றுமே நடக்கவில்லை.

கனி டீச்சர் வகுப்பில் மட்டும் வேறு சட்டம். பிள்ளை கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். அம்மாவை உட்கார வைத்து, மார்க்கைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, யார் பிடிக்கிறார்கள், பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் எப்போது நிற்கும், பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்து எழுதுகிறது என்று கேட்டுக்கொண்டே போவார். இந்தி பேசுகிற அம்மா வந்தால் அதே கேள்விகள் இந்தியில். வரிசை வராந்தாவைத் தாண்டி நிற்கும்.

"என்ன டீச்சர், ஜனத்தொகை கணக்கு எடுக்கறேளா?" என்று நான் கேலி செய்தேன்.

"மார்க்கு பேப்பர்ல இருக்கு சார். அது ஏன் அப்படி இருக்குங்கிறது வீட்லல்லா இருக்கு" என்றார்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மழை நாளில் சொன்னார். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, சயான் ஸ்டேஷனில் வண்டி ஓடாமல் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஏழாவது வரை அவர் முனிசிபல் பள்ளியில் தமிழில் படித்தவர். அதற்கு மேல் அங்கே தமிழ் வகுப்பு இல்லை. எட்டாவதில் ஒரேயடியாக ஆங்கிலத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வருஷம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். ஓப்பன் டேயில், இந்தப் பெண் மந்தம், இவளுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று வகுப்பு டீச்சர் சொல்ல, அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த அம்மா, "என்னட்டி சொல்லுதாக?" என்று கேட்டிருக்கிறாள்.

"அமைதியான பிள்ளைன்னு சொல்லுதாகன்னேன் சார். அம்மா சந்தோஷத்துல எனக்கு வடாபாவ் வாங்கிக் குடுத்தா. தொண்டையில எறங்குனாத்தான!"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி இசக்கியின் கதையைச் சொல்ல வேண்டும். கனி டீச்சர் யாரென்று எனக்குத் தெரிந்தது அதில்தான்.

இசக்கி ஒன்பதாம் வகுப்பில், கனி டீச்சருடைய வகுப்பில் இருந்தாள். அப்பாவுக்குத் தோல் பை பட்டறையில் வேலை. அம்மா பேச்சியம்மாள் வீட்டிலேயே உட்கார்ந்து, தைத்து வரும் பேண்ட் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டிக் கொடுப்பவள். அந்தப் பெண் கூட்டல் பெருக்கல் எல்லாம் மளமளவென்று போடும். ஆனால் ஒரு கணக்கை நாலு வரி வாக்கியமாக எழுதிக் கொடுத்தால் பேனாவை மூடி வைத்துவிடும். நான் முட்டை போட்டேன். கனி டீச்சர் சண்டைக்கு வந்தார்.

"அவளுக்கு இங்கிலீஷ்ல கேட்டது வெளங்கல சார். தமிழ்ல கேட்டுப் பாருங்க."

சரி என்று கூப்பிட்டு, என் தமிழில் கேட்டேன். விழித்தாள். "உங்க தமிழ் யாருக்கு வெளங்கும்?" என்று டீச்சர் தம் தமிழில் கேட்டார். அதற்கும் விழித்தாள். வட்டி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். தொட்டியில் தண்ணீர் ரொம்பும் என்று தெரியும். ஆனால் இது இப்படி இருந்தால் அது எப்படி ஆகும் என்று தொடர்ந்து நாலு வாக்கியம் போனால், இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறாள்.

"பாத்தேளா? பாஷை இல்லை டீச்சர். கணக்குதான் வரல்லை" என்றேன். ஜெயித்த மாதிரி இருந்தது.

அவர் அவளை வகுப்புக்கு அனுப்பினார். சில நாள் கழித்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"சார், உங்க அப்பா என்ன வேலை பாத்தாரு?"

"ரயில்வே ஆபீஸ்ல கிளார்க். ஏன்?"

"காலையில உங்ககிட்ட என்ன பேசுவாரு?"

யோசித்தேன். காபி குடித்துக்கொண்டே ஹிண்டுவையோ டைம்ஸையோ விரித்து வைத்துக்கொண்டு, இந்த மந்திரி ஏன் இப்படிச் சொல்கிறான் தெரியுமோ, நேற்று அப்படிச் சொன்னவன் இன்றைக்கு ஏன் மாறினான் என்று என்னிடம் கேட்பார். நான் உளறுவேன். அவர் திருத்துவார். அதைச் சொன்னேன்.

"இசக்கி வீட்ல ஆறு பேரு ஒரு ரூம்ல. பேச்சு இல்லாமலா? 'தண்ணி வந்துட்டு', 'பைய எடு', 'அந்தால தள்ளு', 'சாப்புட்டியா'. அவ்வளவுதான் சார். தப்பா சொல்லல, அதுக்கு மேல அவுங்களுக்கு நேரம் இல்ல. பள்ளிக்கூடத்துல நாம பேசுதோம், அவளப் பேச விடுதது இல்ல. தெருவுல இந்தி, அதுவும் நாலு வார்த்தை. அவகிட்ட யாரும் எந்தப் பாஷையிலயும் அஞ்சு நிமிஷம் சேந்தாப்ல பேசுனது கெடையாது. உங்க கணக்கு அஞ்சு நிமிஷப் பேச்சுல்லா சார்."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் மார்க்கெல்லாம் என் அப்பாவின் காபி டம்ளரிலிருந்து வந்தது என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் கனி டீச்சரைப் போர்டு பரீட்சைப் பேப்பர் திருத்த வேறொரு பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் முதல்வர் அம்மையார், ஒன்பதாவதில் தேறாத பிள்ளைகளின் பெற்றோரை அழைத்தார். ஏன் அழைத்தார் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். பத்தாவதில் எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு என்று வாசலில் பலகை மாட்டியிருந்தோம். அந்த நூறு நிற்க வேண்டுமானால், விழக்கூடியவர்களைப் பத்தாவதுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் தாங்களாகவே சம்மதித்து டி.சி. வாங்கிக்கொள்வார்கள். பிள்ளை வெளியிலிருந்து, பிரைவேட்டாக, பத்தாவது எழுதலாம். எழுதலாம் என்று பேர். நூல் வெட்டும் வீட்டில் உட்கார்ந்து, பள்ளிக்கூடமே இல்லாமல், எந்தப் பிள்ளை எழுதும்?

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் முதல்வர் சந்தோஷமாக இருந்தார். மற்ற பெற்றோர் அழுதார்களாம், கத்தினார்களாம். "அந்த இசக்கியின் அம்மாதான் எவ்வளவு தங்கமான பெண்மணி! மகள் சொல்லச் சொல்லக் கேட்டு, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்" என்றார். பேப்பர் திருத்தும் வேலை முடிந்து அன்றுதான் திரும்பியிருந்த கனி டீச்சர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"சிரிச்சாங்களா?"

"ஆமாம்."

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். முதல்வர் போனதும் என் பக்கம் திரும்பி, "சார், கெளம்புங்க" என்றார்.

"எங்கே?"

"பிள்ளையப் பள்ளிக்கூடத்த விட்டு எடுக்காங்கன்னு தெரிஞ்சா எந்தத் தாயாவது சிரிப்பாளா? அவ அம்மாகிட்ட வேற என்னமோ சொல்லியிருக்கா. நாளைக்கு டி.சி. குடுத்துருவாங்க. குடுத்துட்டா முடிஞ்சுது."

"நான் எதுக்கு டீச்சர்?"

"நான் தனியாப் போனா, கனி டீச்சர் ஊர்க்காரிக்கு வக்காலத்து வாங்குதான்னு சொல்லுவாங்க. மாட்டுங்கா சார் வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வாங்க."

தாராவியின் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், என் தோள் இரண்டு பக்கச் சுவரிலும் உரசியது. பேச்சியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் துணி மலை. இசக்கி எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடப் பார்த்தாள். டீச்சர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வாங்க டீச்சரம்மா. நேத்து மேடம் அவ்வளவு நல்லாப் பேசுனாங்க. பத்தாங்கிளாசுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்காங்களாமே? அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றாள் பேச்சியம்மாள்.

டீச்சர் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவே வாயெடுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. இசக்கியிடம் குனிந்தார்.

"நேத்து மேடம் சொன்னத இப்ப அம்மாகிட்ட சரியாச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். அம்மா உன்ன அடிச்சா எம்மேல விழட்டும்."

சந்தில் ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். யாரோ "ஜாவோ, ஜாவோ, ரஸ்தா தோ" என்று வழி கேட்டுக் கத்தினார்கள். நாங்கள் நகரவில்லை. அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படியே மயங்கி விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"என்னைப் பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டுதாங்கம்மா. நீ அதுக்குத்தான் கையெழுத்துப் போட்ட" என்றாள்.

பேச்சியம்மாளின் கையிலிருந்த கத்திரி நின்றது. "அப்போ அஞ்சாங்கிளாஸ்லேருந்து நீ சொன்னதெல்லாம்?"

"அதுவுந்தான்."

அவள் அடிக்கவில்லை. ஒரு சட்டையை எடுத்து, நூலை வெட்டினாள். இன்னொன்றை எடுத்தாள். நூலோடு துணியையும் வெட்டிவிட்டாள். அந்தச் சட்டைக்குக் கூலியில் பிடிப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, "கூறுகெட்டது நாந்தான். பிள்ளையப் பத்திப் பிள்ளைகிட்டயே கேட்டுக்கிட்டு அலைஞ்சேன் பாருங்க" என்றாள். பிறகு டீச்சரை நிமிர்ந்து பார்த்து, "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை முதல்வர் அறையில் நாங்கள் நாலு பேர். இசக்கி வெளியே. முதல்வர் ஆங்கிலத்தில், "நேற்றைக்கு முந்தினநாள் முழுச் சம்மதத்தோடுதானே கையெழுத்துப் போட்டார்கள்?" என்று கேட்டார். கனி டீச்சர் அதைத் தமிழில் சொன்னார்.

"எந்த மூதி சம்மதிச்சா? பிள்ளைய நிப்பாட்டட்டுமான்னு எனக்கு வெளங்குத மாதிரி ஒரு வார்த்தை கேட்டாகளா? பத்து வருஷமா பீஸ் கெட்டுதேன், அப்பல்லாம் இவ மந்தம்னு தெரியலியா? இப்பத்தான் தெரிஞ்சுதா? கேளுங்க டீச்சரம்மா!"

டீச்சர் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். 'மூதி' வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, என்னிடம், "சார், மூதிக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டார். நான் எங்கே போவேன்! மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேவையானதை மட்டும் சொன்னால் போதும்" என்றார் முதல்வர். டீச்சர் அதையும் தமிழில் பேச்சியம்மாளுக்குச் சொன்னார். முதல்வர் முகம் சிவந்தது. "டீச்சர், நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டார்.

"நான் யார் பக்கம்னு கேக்காங்க" என்று பேச்சியம்மாளுக்குச் சொன்னார் டீச்சர்.

பேச்சியம்மாளும் பதிலுக்குக் காத்திருந்தாள், முதல்வரும் காத்திருந்தார். கனி டீச்சர் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் சொன்னார்: "நான் நடுவுல நிக்கேன். இத்தனை நாளா இந்த எடத்துல அந்தப் பிள்ளை நின்னா. இனிமே அவ நிக்க வேண்டாம்."

முதல்வர் இறங்கி வந்தார், ஆனால் சும்மா வரவில்லை. பெண் பத்தாவதுக்கு வரட்டும். அவள் தேறாவிட்டால் பொறுப்பு முழுவதும் கனி டீச்சருடையது, அவரை எங்கே மாற்றினாலும் கேட்கக் கூடாது என்றார். இதையும் தமிழில் கேட்டதும் பேச்சியம்மாள் பதறிவிட்டாள். "ஐயோ வேண்டாம் டீச்சரம்மா. உங்க பொழப்புல மண்ணு விழ வேண்டாம். நான் அவளக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் முதல்வர்.

"ரொம்ப நன்றி என்கிறார்கள்" என்றார் கனி டீச்சர், கண்ணை இமைக்காமல்.

அந்த அறையில் தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள் நான் ஒருவன்தான். நான் தொடர்ந்து மின்விசிறியையே பார்த்தேன்.

அந்த வருஷம் முழுவதும் இசக்கியை எங்கள் இரண்டு பேரிடமும் மாறி மாறிப் பேச வைத்தார். பாடம் இல்லை, பேச்சு. நூல் வெட்டும் வேலை எப்படி நடக்கிறது, தைத்த சரக்கு எங்கிருந்து வருகிறது, முதலாளி ஏன் கூலியில் பிடிக்கிறான் என்று அவள் விடாமல் விளக்க வேண்டும். தமிழ், இந்தி, ஆங்கிலம், எதிலும் சொல்லலாம், மூன்றையும் கலந்தும் சொல்லலாம். ஆனால் நடுவில் நிற்கக் கூடாது. மழைக்காலம் முடிவதற்குள் அவள் பேசினால் நிறுத்த முடியவில்லை. நானே, "போறும்மா தாயே" என்று கும்பிட்டிருக்கிறேன்.

இப்படி எழுதினால், அவள் பள்ளியில் முதலாவதாக வந்தாள் என்று எதிர்பார்ப்பீர்கள். வரவில்லை. கணக்கில் தேறினாள். ஆங்கிலத்திலும் அறிவியலிலும் போய்விட்டாள். ஒன்பது வருஷம் நடக்காததை ஒரு வருஷத்தில் நடத்த நாங்கள் என்ன மந்திரவாதிகளா? வாசலில் தொங்கிய நூற்றுக்கு நூறு பலகை இறங்கியது. கனி டீச்சரை அந்த ஜூனிலேயே மூன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். பத்தாவதுக்கு ஆங்கிலம் எடுத்தவர், குழந்தைகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்ன கிடைச்சது உங்களுக்கு? பொண்ணும் பாஸ் ஆகல்லை, உங்க இடமும் போச்சு" என்று வராந்தாவில் வைத்தே கத்தினேன்.

"பரீட்சை எழுதி ஃபெயிலானா அடுத்த தடவை எழுதலாம் சார். எழுதவே விடலன்னா திருப்பி எழுதக்கூட வழி கெடையாது" என்றார். அதன் பிறகு பல மாதம் என்னோடு பேசவில்லை. இசக்கி ஜூலையில் நடந்த மறுதேர்வில் இரண்டையும் எழுதித் தேறினாள். இன்றைக்கு ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறாள். அப்படியும் ஒரு நல்ல டீச்சரை அந்த மேல் வகுப்புகள் இத்தனை வருஷம் இழந்தது சரிதானா என்று கேட்டால், என்னால் இன்றும் சரி என்று சொல்ல முடியவில்லை. அவர் இருந்தால் இதற்கும் சண்டை போட்டிருப்பார்.

போன மழைக்காலத்தில் அவருக்கு உடம்பு படுத்தியது. செம்பூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் வாங்கப் போகும்போது என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். அவர் அம்மாவும் வந்திருந்தார்கள். எண்பதைத் தாண்டிய மனுஷி, தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. டாக்டர் ஆங்கிலத்தில் பேசினார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னது கொடூரம். புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்.

"என்னட்டி சொல்லுதாரு?" என்று கேட்டார்கள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. ரத்தம் கம்மியாம். டானிக் எழுதித் தாராராம்."

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மாட்டுங்கா சார், நீங்க சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

"வேண்டாம் சார்" என்று கனி டீச்சர் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, "ப்ளீஸ்" என்றார். இருபது வருஷத்தில் அவர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

பொய் சொல்லவும் எனக்கு வரவில்லை, உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. "அம்மா, நான் சொல்ல மாட்டேன். டீச்சரே சொல்லுவா. சொல்ற வரைக்கும் நான் இங்கேதான் உக்காந்திருப்பேன்" என்றேன்.

கனி டீச்சர் என்னைப் பார்த்தார். அவ்வளவு கோபமான பார்வையை அவரிடம்கூட நான் பார்த்ததில்லை. நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு ஸ்ட்ரெச்சர் எங்களைக் கடந்து போனது. அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் தமிழில் சொன்னார். முதல்வர் அறையில் சொன்ன அதே குரல். கடைசி வாக்கியத்தில்தான் உடைந்தது.

அந்த அம்மா அழவில்லை. "சரிட்டி. இத நீ மட்டும் தூக்கிட்டு அலையலாம்னு பாத்தியாக்கும். எங்கிட்டயும் பாதி குடு" என்றார்கள். கடைசிவரை அந்த அம்மாதான் கஞ்சி கொடுத்து, முதுகு தடவி, இரவெல்லாம் பக்கத்தில் இருந்தார்கள். கனி டீச்சர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு போனில் ஒரு செய்தி வந்தது: 'நாளைக்கு சாம்பார் கொண்டுவாங்க. வெல்லம் போடாம.' சண்டை தீர்ந்தது என்று அர்த்தம்.

படித்து மேலே வந்துவிட்ட பிள்ளை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வங்கியில், ஆஸ்பத்திரியில், போலீஸ் ஸ்டேஷனில், வீட்டுக்கும் உலகத்துக்கும் நடுவில் அந்தப் பிள்ளை கடைசிவரை நின்றுகொண்டேதான் இருக்கிறது. எனக்கு அப்படி ஒரு நாளும் நிற்க நேரவில்லை. என் அப்பாவே எல்லாரிடமும் பேசிக்கொண்டார்.

இந்த வருஷமும் ஒன்பதாம் வகுப்பில் மூன்று அம்மாக்களை முதல்வர் அறைக்கு அழைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் தாராவி, ஒருத்தி ஆண்டாப் ஹில். திங்கட்கிழமை காலை. இப்போது வேறு முதல்வர், ஆனால் வாசலில் மறுபடியும் அதே நூறு. நானும் அந்த அறையில் இருப்பேன் என்று அவரிடம் சொன்னேன். "ரிட்டயராக ஒரு வருஷம்தானே சார் இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள்" என்று பதமாகத்தான் சொன்னார். யோசித்தேன். கனி டீச்சரின் பொறுமை என்னிடம் இல்லை. அவருடைய தமிழும் இல்லை. என் பேச்சைக் கேட்டு அந்த அம்மாக்கள் சிரித்தாலும் சிரிப்பார்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், அந்த அறையில் அவர் நின்ற இடம். அங்கே போய் நிற்கப்போகிறேன். நேற்றிலிருந்து எனக்குக் கை சில்லிட்டுப் போகிறது, தூக்கம் வரவில்லை. அன்றைக்கு அவருக்கும் இவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்பது இப்போதுதான் தெரிகிறது.